நைனா ரெசின் பூசிய ஹெல்மெட்

என் மாமாவின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கை நல்லா கீது, கால் நல்லா கீது, கட்டின லுங்கிகூடக் கிழியல என்று, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் புகார் கொடுப்பதுபோலச் சொன்னாள்.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. காசிமேட்டில் அம்மா ஏலத்தில் எடுக்கும் மீனைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. அன்று காலை கடற்கரையை ஒட்டிய விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. இடிக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். லாரி கடந்த வேகத்தில் அடித்த காற்றும் ரோட்டோரம் கிடந்த மணலும் சேர்ந்து சைக்கிளைச் சறுக்கிவிட்டன. பக்கவாட்டில் விழுந்தார். ஓரத்துக் கல்லில் தலை பட்டது. மீன் கூடை கட்டியது கட்டியபடி இருந்தது.

நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். முந்தின வருடம்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு சைக்கிள் வந்திருந்தது. பிளஸ் ஒன் மாணவிகளுக்கு அரசாங்கம் கொடுத்தது. எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். படிப்பு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் பொருள் அந்தச் சைக்கிள். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா அதை வாசலில் நிறுத்தி, புதுப் படகுக்குச் செய்வதுபோல மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். மாமா போன பிறகு அம்மா அதைச் சுவர் பக்கம் திருப்பி நிறுத்தி, மேலே ஒரு கிழிந்த வலையைப் போட்டு மூடிவிட்டாள்.

கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கிடைத்தது. கல்லூரி கல்மண்டபத்தைத் தாண்டி இருந்தது; எங்கள் குப்பம் திருவொற்றியூருக்கு வடக்கே. நடுவில் இருந்த ரோடு லாரிகளுடையது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் ரோட்டோரமே ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிப்பார்கள், இரண்டு லாரிக்கு நடுவே கயிறு கட்டித் துணி காயப்போடுவார்கள். அந்த வரிசைக்குப் பின்னால் பஸ் மாட்டிக்கொண்டால் கண்டக்டரே இறங்கிப்போய் டீ குடித்துவிட்டு வருவார். சைக்கிள்காரர்கள் மட்டும் ஓரமாக நுழைந்து நுழைந்து போய்க்கொண்டே இருப்பார்கள். நான் ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எனக்குப் பெரும்பாலும் முதல் பீரியட் லேப். நான் போய்ச் சேரும்போது மற்றவர்கள் சோதனையை முடித்துப் பியூரெட் குழாயைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் துறைத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வருகைப் பதிவைக் காட்டினார். "இப்படியே போனா உனக்குப் பரீட்சை எழுத அனுமதி கிடைக்காதும்மா. அடுத்த வருஷம்தான் எழுதணும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அடுத்த வருஷம் என்பது அவருக்கு ஒரு சாதாரணச் சொல். எங்கள் குப்பத்தில் ஒரு பெண் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த வருடம் அவள் வேறு ஒரு வீட்டில் இருப்பாள். நான் படித்து முடிப்பேனா மாட்டேனா என்பது அந்த ரோட்டை நான் எப்படிக் கடக்கிறேன் என்பதில் வந்து நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன்.

"சைக்கிள்ல போறேம்மா."

அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உன் மாமன் போனா மாரியா?"

நைனாதான், யாரையும் பார்க்காமல், "தலைக்கு எதுனா போட்டுகினு போவட்டுமே" என்றார். அம்மா கூடையைக் கவிழ்த்துத் தண்ணீர் வடியவிட்டாள். பிறகு சொன்னாள்.

"தலைய மூடு. எனக்கு நம்பிக்க வர்றா மாரி மூடு. அப்பால பேசு."

அந்த நாட்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட் போட்டு நான் பார்த்ததே இல்லை. மோட்டார் சைக்கிள்காரர்களே பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொண்டுதான் போவார்கள். எதிர்வீட்டு அண்ணனிடம் அவருடைய ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். தலை கழுத்தின் மேல் நிற்கவில்லை. அதைவிட மோசம், காது அடைத்துக்கொண்டது. பின்னால் வரும் லாரியின் ஹாரன் பக்கத்துத் தெருக் கல்யாணத்து மேளம்போல எங்கோ கேட்டது. காது கேட்காமல் அந்த ரோட்டில் எப்படிப் போவது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது சித்தப்பாவின் மஞ்சள் ஹெல்மெட். அவர் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். எங்கள் பக்கம் அனல்மின் நிலையம், துறைமுகம், தொழிற்சாலை என்று ஏதோ ஒன்றில் வேலை செய்யும் ஆள் இல்லாத தெரு கிடையாது; மஞ்சள் ஹெல்மெட் தொங்காத வீடும் குறைவு. சித்தப்பா அதைத் தட்டிக் காட்டினார். "மேலருந்து இரும்பு வுழுந்தாலும் ஒண்ணும் ஆவாது." எனக்கும் சரி என்றுதான் பட்டது. போட்டுக்கொண்டு தெருவில் ஒரு சுற்றுப் போனேன். அடிபம்பு பக்கத்தில் குடத்தோடு நின்ற அக்காக்கள் விடவில்லை.

"இன்னா மே, காலேஜுக்குப் படிக்கப் போறியா, கட்டப் போறியா?"

"செங்கல்லு எத்தினி தூக்குவா, கேளுடி!"

நான் தலையை நிமிர்த்திக்கொண்டு போனேன். சிரிப்புக்காக அதைக் கழற்றவில்லை. சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. குனிந்து மாட்டும்போது ஹெல்மெட் தானாக உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை செய்யும் இடத்தில் ஆபத்து மேலிருந்து வருகிறது. ரோட்டில் தலைதான் ஆபத்தை நோக்கிப் போகிறது, அதுவும் பக்கவாட்டில், மாமாவின் தலை போனதுபோல. விழும்போது கூடவே வராத ஹெல்மெட் எத்தனை கெட்டியாக இருந்து என்ன?

மூன்றாவதை நைனா கொண்டுவந்தார். கப்பலில் இருந்து வரும் சாமான்களைப் பிளாட்பாரத்தில் பரப்பி விற்பவர்களிடம் எடுத்தாராம். நீல நிறம், கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி எடையே இல்லை, நீள நீளமாகக் காற்றுத் துளைகள். மேலே மெல்லிய பிளாஸ்டிக், உள்ளே கெட்டியான தெர்மாகோல்.

"மீன் பொட்டில இருக்குமே, அதேதான்" என்றாள் அம்மா ஏமாற்றத்தோடு. "இத்தையா தலைல வெக்கப்போறா?"

உள்ளே ஒரு சின்ன ஒட்டுத்தாள் இருந்தது. ஆங்கிலம். பாதி எழுத்துகள் யாரோ ஒருவரின் வியர்வையில் அழிந்துபோயிருந்தன. மீதியை நான் உரக்கப் படித்து அவர்களுக்குச் சொன்னேன். நைனாவும் அம்மாவும் கேட்டுக்கொண்டு நின்றது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. என் படிப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது அதுதான் முதல் தடவை. முன்பக்கம் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அளவில் உட்கார வேண்டும். பட்டைகள் இரண்டும் காதுமடலுக்குக் கீழே வந்து சேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். கையால் பிடித்து அசைத்தால் அது தனியாக ஆடக் கூடாது, நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும்.

போட்டுப் பார்த்தேன். பின்னால் தூக்கிக்கொண்டு முன்னால் கண்ணை மறைத்தது. என் சடைதான் காரணம். அம்மா ஏலத்துக்குப் போகும் முன்பு எண்ணெய் வைத்து உச்சிக்குப் பக்கத்தில் இறுக்கிப் பின்னுவாள். பின்னலை அவிழ்த்துப் பிடரிக்குக் கீழே தாழ்வாகக் கட்டினேன். பட்டைகளை நைனா இழுத்து இழுத்துச் சரி செய்தார். இப்போது சரியாக உட்கார்ந்தது. யாரோ என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

மறுநாள் சைக்கிளின் மேல் வலை இல்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன். ஆனால் காலையில் நான் கிளம்பும் நேரத்தில் அவள் வேண்டுமென்றே வீட்டில் இருக்கமாட்டாள். சடையை உச்சியில்தான் பின்னிவிட்டுப் போவாள். நான் அவிழ்த்துத் தாழ்வாகக் கட்டிக்கொண்டு புறப்படுவேன்.

லாரி வரிசையைத் தாண்டி நேரத்துக்கு லேப்புக்குப் போனேன். கல்லூரியில் சில பெண்கள் என் பேச்சைக் கேட்டுச் சிரித்துப் பழகியிருந்தார்கள். இப்போது ஹெல்மெட்டும் சேர்ந்தது. "தலைல இன்னா கீது?" என்று என்னைப்போலவே பேசிக் கேட்டார்கள். "மூள கீது, அதான் மூடிகினு வர்றேன்" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒரு நாள் ஆணியில் இருந்து கழன்று ஹெல்மெட் சிமென்ட் தரையில் விழுந்தது. மேல் பிளாஸ்டிக்கில் முடி கனத்தில் ஒரு விரிசல். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நைனாவுக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கடலுக்குப் போகிறவர்களுக்கு விரிசல் என்றால் ஒரே அர்த்தம்தான்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரை முழுக்க ஃபைபர் படகுகள் வந்துவிட்டிருந்தன. மரத்தில் ஓட்டை விழுந்தால் ஆசாரியைத் தேட வேண்டும். ஃபைபரில் விரிசல் விழுந்தால் கண்ணாடி நார்ப் பாயை வெட்டி வைத்து, ரெசினைக் கலந்து பூசிக் காயவிட்டால் போதும்; பழைய இடத்தைவிட ஒட்டுப்போட்ட இடம் உறுதியாக இருக்கும். நைனா அந்த வேலையில் கை தேர்ந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப் போயிருந்தபோது, படகுக்குக் கலந்த ரெசினோடு என் ஹெல்மெட்டையும் எடுத்துப்போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அது வெள்ளை வெளேரென்று மேசை மேல் இருந்தது. காற்றுத் துளைகளையும் சேர்த்து நார்ப் பாய் போட்டு அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். நெற்றியில் குங்குமப் பொட்டு. அம்மா வைத்தது.

"தட்டிப் பாரு" என்றாள் அம்மா. அவளே தட்டிக் காட்டினாள். "கல்லு மாரி கீது. இப்பதான் எனக்கு நெஞ்சு ஆறுச்சு."

மாமா போனபின் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. நைனா கையில் ஒட்டிய ரெசினைச் சுரண்டியபடி கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை சைக்கிளை மிதிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. சூடு ஒரு பக்கம். துளைகள் அடைத்ததால் தலை வெந்தது. ஆனால் அது இல்லை. ஹெல்மெட் ஆடியது. முந்தின வாரம் தலையை இறுகப் பிடித்திருந்த கை இப்போது விட்டுவிட்டதுபோல இருந்தது. ஓரமாக நிறுத்திப் பட்டையை இழுத்தேன். தாடை வலித்ததே தவிர ஆட்டம் நிற்கவில்லை. கழற்றி உள்ளே பார்த்தேன். ஒட்டியிருந்த மெத்தைத் துண்டு ஒன்று தொளதொளவென்று தொங்கியது. இழுத்ததும் கையோடு வந்தது.

அதற்குப் பின்னால் தெர்மாகோல் இல்லை.

நண்டு தின்ற தேங்காய்போல உள்ளே குழி குழியாக இருந்தது. குழிகளின் ஓரம் உருகி மினுமினுத்தது. சுண்டுவிரலை விட்டால் நேராக நைனா பூசிய கெட்டி ஓட்டில் போய் முட்டியது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

எனக்கு உடனே புரிந்தது. லேப்பில் ஒரு முறை அசிட்டோனைத் தெர்மாகோல் மூடியில் சிந்திவிட்டு, அது சத்தமில்லாமல் கரைந்து ஓட்டை விழுவதை எல்லோரும் கூடி நின்று பார்த்திருக்கிறோம். ரெசினில் இருக்கும் திரவமும் அதே வேலையைத்தான் செய்யும். துளைகள் வழியே இறங்கி, காய்வதற்குள் தின்றுவிட்டது. என் பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மீதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். அன்று லேப் தவறியது.

மத்தியானம் கரைக்குப் போனேன். நைனா படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டைக் கையில் கொடுத்தேன். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கையையே விட்டுப் பார்த்தார்.

"இன்னாமா இது?"

"ரெசின் தெர்மாகோல கரச்சுடும் நைனா."

"போட்டுக்கு இத்தினி வர்ஷம் போடறோம்" என்று படகைத் தட்டினார்.

"போட்டுல தெர்மாகோல் இல்ல. போட்டு ஒடையக் கூடாது நைனா. ஆனா இது ஒடையணும். வுழுந்தா இது நசுங்கி அடியை வாங்கிக்கணும், அப்பதான் தல தப்பிக்கும். வெறும் கெட்டியா இருந்தா அடி அப்படியே உள்ள போய்டும்."

அலை வந்து படகின் பின்பக்கத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

"அன்னிக்கு அவன் தலைல நல்லது ஒண்ணு இருந்திருந்தா?" என்று கேட்டார். மாமாவைச் சொன்னார்.

"தெரியல நைனா." உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரிச் சொல்லவும் மனம் வரவில்லை.

"இத்த மாட்டிகினு நீ வுழுந்திருந்தா" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. வலை ஊசியை எடுத்து, விட்ட இடத்தைத் தேடி, கிடைக்காமல் கீழே வைத்தார்.

அம்மாவிடம் நான் சொல்வதாக இருந்தேன். அவர் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நான்தான் கெடுத்துட்டேன்" என்று அவரே சொன்னார். அம்மா ஹெல்மெட்டை வாங்கி உள்ளே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சைக்கிள் பூட்டுச் சாவியை ஆணியில் இருந்து எடுத்துத் தன் சுருக்குப் பையில் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் முதல் மறுபடி பஸ். மறுபடி லாரி வரிசை. துறைத் தலைவர் இப்போது ஒன்றும் சொல்வதில்லை, நான் உள்ளே வரும்போது கடிகாரத்தைப் பார்ப்பார். இன்னும் எத்தனை வகுப்பைத்தான் நான் தவறவிடலாம் என்று இருவருக்கும் தெரியும்.

அந்த வாரக் கடைசியில் நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். அது கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடுவது. "வா" என்றார். பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடைத்தெருவுக்குப் போனோம். கண்ணாடிக் கதவு வைத்த கடைக்குள் அவர் நுழைந்து நான் பார்த்ததில்லை. செருப்பை வெளியே கழற்றப் போனார். வேண்டாம் என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனேன்.

கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். "இதை எடுத்துக்குங்க. சுத்தியால அடிச்சாலும் உடையாது."

"ஒடையாதா?" என்றார் நைனா.

"லாரி ஏறினாலும் உடையாது சார்!"

"லாரி ஏறினா நீ வேற தல குடுப்பியா?" கடைக்காரர் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. உள்ளே கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். வெறும் ஸ்பாஞ்சு. "வேணாம். ஒடையறதா காட்டு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நானே அலமாரிக்குப் போய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். குழந்தைகள் ஸ்கேட்டிங் பழகுவது, வெறும் அழகுக்குச் செய்தது என்று பலவற்றையும் தள்ளி வைத்த பிறகு, உள்ளே ஒரே சீராகத் தெர்மாகோல் இருந்த ஒன்று கிடைத்தது. அளவு பார்க்க நைனா மடியில் இருந்து வலை நூலை எடுத்தார். வரும்போதே கொண்டுவந்திருக்கிறார். புருவத்துக்கு மேலே என் தலையைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு, அதைப் பெட்டியில் போட்டிருந்த அளவோடு ஸ்கேலில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு என் தலையில் மாட்டிப் பட்டைகளை இழுத்தார். முன்னால் பின்னால் அசைத்தார், பக்கவாட்டில் அசைத்தார். பக்கவாட்டில் மட்டும் பலமுறை.

உள்ளே ஒட்டுத்தாள் இருந்தது. இதில் ஒரு எழுத்தும் அழியவில்லை. கடைசி வரிகளை அவருக்குத் தமிழில் சொன்னேன். பசை, பெயின்ட் எதுவும் பூசக் கூடாது. சேதம் வெளியே தெரியாமல் உள்ளே நடக்கலாம். ஒரு முறை பலமாக அடிபட்டால் மறுபடி உபயோகிக்கக் கூடாது, பார்க்க நன்றாக இருந்தாலும்.

"பாக்க நல்லா இருந்தாலும்" என்று அவரும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். விலை கேட்டார். எலுமிச்சம்பழத்துக்குக்கூடப் பேரம் பேசுகிறவர் அன்று பேரம் பேசவில்லை.

ரெசின் பூசியதை அவர் தூக்கிப் போடவில்லை. உள்ளே மிச்சமிருந்த தெர்மாகோலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் படகில் போட்டுக்கொண்டார். தண்ணீர் இறைக்க அதைப்போல ஒரு பாத்திரம் கிடைக்காது என்று சொல்வார். பல வருடம் அது படகில் கிடந்தது.

புது ஹெல்மெட்டை அம்மா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அது இரண்டு நாள் ஆணியில் தொங்கியது. சாவி சுருக்குப் பையில் இருந்தது. நான் கேட்கவில்லை. கேட்டு வாங்கும் சாவியை வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் போக எனக்கு விருப்பமில்லை.

மூன்றாம் நாள் காலை சடை பின்ன உட்கார்ந்தேன். அம்மாவின் கை வழக்கமாகப் போகும் இடத்துக்குப் போகவில்லை. முடியைப் பிடரிக்குக் கீழே இறக்கி, தளர்வாக, தாழ்வாகப் பின்னினாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னி முடித்து எழுந்து போய் ஹெல்மெட்டை எடுத்து வந்தாள். என் தலையில் வைத்து, புருவத்துக்கு மேலே இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். நான் அன்று உரக்கப் படித்தது எதையும் அவள் மறக்கவில்லை. பட்டையை மாட்டி, தாடைக்குக் கீழே ஆள்காட்டி விரலை நுழைத்தாள். இரண்டாவது விரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.

"சரியா கீது" என்றாள்.

சுருக்குப் பையைத் திறந்து சாவியை என் கையில் வைத்தாள். அன்று ஏலத்துக்கு நேரமாகியும் வாசலிலேயே நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஹேண்டில்பார் ஆடும். லாரிகள் நின்றிருந்த ரோட்டில் ஏறி, ஓரத்து மணலைத் தவிர்த்து, மிதித்தேன். தாடைப் பட்டையில் அவள் விரலின் மீன் வாசனை லேப் முடியும்வரை இருந்தது. அந்த வருடம் நான் பரீட்சை எழுதினேன்.